யாரு தவிர்த்திருக்கணும்?

வளசரவாக்கம் மேட்டர்ல கம்பெனி முடிவு வந்துருச்சு. திங்கட்கிழமை நான் போட்ட பதிவைப் படிச்சவங்களுக்கு விஷயம் தெரியும், மறுபடி முழுசா எழுத எனக்குத் தெம்பில்ல. படிக்காதவங்களுக்குச் சுருக்கமா: டெலிவரி வண்டி ஓட்டுற என் தம்பிக்கு மழை நாள்ல ஆற்காடு ரோட்ல விபத்து. கம்பெனி சொல்றது "தவிர்த்திருக்கக்கூடிய விபத்து". ஒரே வரி. வண்டி நஷ்டத்துக்குன்னு 38,000 ரூபா, 8 மாசமா தம்பி சம்பளத்துல பிடிப்பாங்களாம். கை எலும்பு உடைஞ்சு கட்டு போட்டு வீட்ல உக்காந்திருக்கான், வேலைக்கே போக முடியல, அவன் கையில இந்த லெட்டர்.

விசாரணை எவ்ளோ நேரம்டான்னு கேட்டேன். 20 நிமிஷம்ணே. யார் யார் இருந்தாங்க? ஹப் (டெலிவரி வண்டிங்க கிளம்புற இடம்) மேனேஜர், எச்.ஆர்., அப்புறம் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். அந்த சூப்பர்வைசர்தான் அன்னிக்கு 62 டெலிவரி போட்டு ரூட் குடுத்தவர். முன் டயர் தேஞ்சு மொட்டையா கெடக்குன்னு தம்பி ரெண்டு தடவ டிரிப் ஷீட்டுல எழுதிக் குடுத்தப்ப அதுல கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவரே உக்காந்து தீர்ப்பு சொல்றார்.

தவிர்த்திருக்கலாம், நானும் ஒத்துக்குறேன். டயர மாத்தியிருந்தா தவிர்த்திருக்கலாம். ஆற்காடு ரோட்ல மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வெச்சு ரோடு பாதியா சுருங்கிப் போச்சுன்னு ஊருக்கே தெரியும், மழை நாள்ல அந்தப் பக்கம் 10 டெலிவரி கம்மியா போட்டிருந்தா தவிர்த்திருக்கலாம். இத்தன பேர் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு விபத்துல ஏன் ஒருத்தன் சம்பளம் மட்டும் போகுது?

விபத்து வழக்கு கோர்ட்டுக்குப் போனா என்ன பண்றாங்கன்னு பாருங்க. போலீஸ் ஸ்பாட்டுக்கு வந்து ஸ்கெட்ச் போடுவாங்க, சாட்சிங்கள வெச்சு இடத்தப் பாத்து மகஜர் எழுதுவாங்க, மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியப் பாத்து பிரேக் சரியா இருந்துச்சா, இயந்திரக் கோளாறு ஏதாவது இருக்கான்னு ரிப்போர்ட் குடுப்பார். நஷ்டஈடு முடிவு பண்ற ட்ரிப்யூனல்ல ரெண்டு பக்கமும் கேட்டுட்டு தப்பு இவர் மேல 60, அவர் மேல 40ன்னு பிரிச்சுக்கூடச் சொல்லுவாங்க. கம்பெனிக்குள்ள மட்டும் எப்பவும் 100 சதவீதம் டிரைவர்.

எனக்கு இது ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா நானும் 6 வருஷம் குட்டி யானை ஓட்டினவன். 2014ல கொத்தவால்சாவடிப் பக்கம் ஒரு சந்துல ரிவர்ஸ் எடுக்கறப்ப தூண்ல இடிச்சு பின் பம்பரும் லைட்டும் போச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் செலவு அதிகம்னு கிளீனர் பையன நிறுத்தினாங்க. பின்னாடி நின்னு "வா, வா, நிறுத்து"ன்னு சொல்ல ஆள் இல்ல. என் சம்பளம் அப்ப 9,000. அதுல 7,500ஐ மூணு மாசத்துல பிடிச்சாங்க. பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாசம் அது. வெள்ளப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க, அதுல அப்புறம் என்ன எழுதினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னாடி ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொல்லித்தான் புரிஞ்சுது. கமர்ஷியல் வண்டி பாலிசில பம்பர், லைட், மட்கார்டு, பெயிண்ட் இதெல்லாம் சாதாரணமா வராது, ஐ.எம்.டி. 23ன்னு ஒரு கூடுதல் கவருக்குத் தனியா பணம் கட்டினாத்தான் வரும். அத கட்டாம மிச்சம் பிடிக்கறது ஓனர். சரி, பெரிய அடிக்காவது கிளெய்ம் போடுவாங்களான்னா அதுவும் யோசிப்பாங்க, கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ், அதான் கிளெய்ம் போடாதவங்களுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, போயிரும், அது 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 5 வருஷத்துல 50 வரைக்கும் ஏறும். ஆக டிரைவர் சம்பளந்தான் அவங்களுக்கு இன்சூரன்ஸ்.

உடனே சில பேர் வருவீங்க, டிரைவருங்க போன் பாத்துக்கிட்டே ஓட்டுறாங்கன்னு. ஆமா பாக்குறாங்க, மேப் அதுல இருக்கு, ஓ.டி.பி. அதுல இருக்கு, எங்க இருக்கன்னு ஹப்லேந்து 10 தடவ போன் வருது, எடுக்கலன்னா அதுக்கும் திட்டு. குடிச்சிட்டு ஓட்டினவனப் பத்தி நான் பேசல, அவன் தண்டனை அனுபவிக்கட்டும். முதலாளிக்கும் நஷ்டம்தானேன்னு ஒருத்தர் போன பதிவுல கேட்டிருந்தார். நஷ்டம்தான் சார், இல்லன்னு சொல்லல. ஆனா லாபம் வந்த மாசத்துல 62 டெலிவரிக்குப் பங்கு குடுத்தாங்களா?

சட்டம் இல்லாம இல்ல. 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்துலயே இருந்துச்சு, நஷ்டத்துக்குப் பிடிக்கணும்னா அது தொழிலாளி அலட்சியத்தால நேரடியா வந்ததா இருக்கணும், விளக்கம் சொல்ல வாய்ப்பு குடுக்கணும், நஷ்டத்துக்கு மேல ஒரு ரூபா பிடிக்கக்கூடாது. இப்ப வந்திருக்கற ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அந்த விதி இருக்கு. வேலையில அடிபட்டவனுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தா அங்கேருந்து, இல்லன்னா முதலாளிகிட்டேருந்து நஷ்டஈடு வரணும், கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டான்னு சொல்லி அத மறுக்க முடியாது. தம்பிக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. விபத்து ரிப்போர்ட் அனுப்பினீங்களான்னு கேட்டா பதில் இல்ல. அனுப்பியிருந்தா சம்பளத்துல 90 சதவீதம் அவனுக்கு வந்துக்கிட்டிருக்கும்.

தம்பிக்காவது சம்பளச் சீட்டு இருக்கு. பைக்ல சாப்பாடு கொண்டு போற பசங்கள "பார்ட்னர்"னு சொல்லிடறாங்க, வண்டி அவனோடது, பெட்ரோல் அவனோடது, விழுந்தா அடியும் அவனோடது. தமிழ்நாடு அரசு 2023ல இவங்களுக்குன்னு நல வாரியம் அமைச்சுது, நல்ல விஷயம், ஆனா விழுந்த அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரில அந்தப் பையன் பக்கத்துல யார் நிக்கிறா? எல்லாரும் அவன் வேகமா வந்தான்னு மட்டும்தான் சொல்றாங்க. லேட்டானா நாமதானய்யா ஸ்டார் கொறைக்கிறோம்.

தம்பி இதப் படிப்ப. அந்த லெட்டர்ல கையெழுத்து போடாத. வெள்ளப் பேப்பர் குடுத்தாலும் போடாத. சனிக்கிழம நானும் உன்கூட ஹப்புக்கு வரேன், ரெண்டு டிரிப் ஷீட்டையும் எடுத்து வை, டயர் போட்டோ என் போன்ல இருக்கு.