போராடாத அணி அல்ல
அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், 2017இல் 16 ஆட்டங்களிலும் தோற்ற கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி ‘போராடவே இல்லை’ என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஜெட்ஸிடம் 17-14, டைட்டன்ஸிடம் கூடுதல் நேரத்தில் 12-9 என்று கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஆட்டங்கள் எத்தனை! கடைசி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 28-24 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் எங்கள் வீரர் கோரி கோல்மனின் கையில் பட்ட பந்து நழுவியதை நேரலையில் பார்த்தேன். இன்றும் மனசு வலிக்கிறது. குறை வேறு இடத்தில். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் இடத்தில் முதல் வருட வீரர் கைசரை நம்பியே இறங்கினார்கள், அவர் எறிந்ததில் 22 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துக்கொண்ட பந்துகள். 10,363 ஆட்டத்தருணங்கள் இடைவிடாமல் ஆடிய, குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வீரர் ஜோ தாமஸும் அக்டோபரில் காயத்தால் வெளியேறிவிட்டார். அப்புறம், அதே ஜெட்ஸை 2018 செப்டம்பரில் 21-17 என வென்றது புது குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு களமிறங்கிய பிறகுதானே?