பாஸ்போர்ட்டில் இருக்கும் 'லெட்'

இந்தியப் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். இதை வைத்திருப்பவரை 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போகவிடுங்கள் என்பது அதன் சாரம். பள்ளிக்கூடத்தில் படித்த 'லெட்' இதுதான் என்று நினைத்தால் "அனுமதி இல்லாமல்" என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். இங்கே லெட் என்றால் தடை.

ஒரே சொல் காலப்போக்கில் எதிர்ப்பொருளுக்குத் தாவிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை, இவை இரண்டு வினைச்சொற்கள். பழைய ஆங்கிலத்தில் குறிலோடு 'லெட்டன்' என்றால் தாமதப்படுத்து, தடு. நெடிலோடு 'லேட்டன்' என்றால் விடு, அனுமதி. முன்னது 'மெதுவான' என்று பொருள்படும் பெயரடையிலிருந்து வந்தது. இன்றைய 'லேட்', 'லாஸ்ட்' இரண்டும் அந்தக் குடும்பம்தான். பின்னாளில் நெடில் குறுக, இரண்டும் ஒரே உச்சரிப்பில் வந்து நின்றன. "விடு", "விடாதே" இரண்டுக்கும் ஒரே ஒலி என்றால் எந்த மொழி தாங்கும்? தடுப்பதற்கு 'ஸ்டாப்', 'ஹிண்டர்' என்று வேறு சொற்கள் இருந்ததால், தோற்றது தடுக்கும் லெட்.

பழைய நூல்களில் இரண்டையும் பிரித்தறிய, பின்னால் வருவதைப் பாருங்கள். அனுமதிக்கும் லெட்டுக்குப் பின் ஆளும் இன்னொரு வினையும் வரும்: 'லெட் மீ கோ'. தடுக்கும் லெட் பெரும்பாலும் ஆளோடு நின்றுவிடும். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம், முதல் அங்கம், நான்காம் காட்சி: தந்தையின் ஆவியின் பின்னால் போகவிடாமல் நண்பர்கள் பிடித்துக்கொள்ள, ஹாம்லெட் 'லெட்ஸ் மீ' என்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறான். 'மீ'க்குப் பின் வினை கிடையாது. 1611 கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் 2 தெசலோனிக்கேயர் 2:7-இல் வரும் 'லெட்டெத்' ('லெட்ஸ்' என்பதன் பழைய வடிவம்) இன்னும் வம்பு. ஆளும் இல்லை, வினையும் இல்லை. அனுமதிக்கிறவன் என்று படித்தால் வசனமே குழம்பும். தமிழ் வேதாகமத்தில் 'தடைசெய்கிறவன்' என்று தெளிவாக இருக்கிறது.

டென்னிஸில் சர்வீஸ் வலையை உரசி, சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்', மறுபடி போடலாம். வெளியே விழுந்தால் ஃபால்ட். இதை வைத்து 'நெட்'தான் 'லெட்' ஆனது என்பார்கள். ஆனால் பக்கத்து கோர்ட் பந்து உருண்டு வந்து ஆட்டம் கெட்டாலும் லெட்தானே? ஸ்குவாஷில் எதிராளி குறுக்கே நின்றால் 'லெட்' கேட்கிறார்கள். அங்கே வலையே கிடையாது.

பாஸ்போர்ட் வாசகத்துக்குத் தமிழ் வேண்டுமென்றால் 'தங்கு தடையின்றி' என்பேன். சட்ட ஆங்கிலம் ஒரே பொருளை இரண்டு சொல்லால் கட்டும். நம் வழக்கிலும் அது இருக்கிறது. லெட்டனின் தாமதமும் 'தங்கு'வில் வந்துவிடுகிறது.