அப்பா கையெழுத்து இல்லாமல் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காதா?

"அப்பா கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வராது, வெளிநாட்டு ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 2016 டிசம்பரில் இந்திய அரசு விதிகளைத் தளர்த்தியதிலிருந்து, விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும். இருவரும் சம்மதித்தால் 'அனெக்ஸர் டி' என்ற உறுதிமொழிப் படிவம். ஒருவர் கையெழுத்திடவில்லை என்றால் அனெக்ஸர் சி. கையெழுத்து ஏன் இல்லை என்பதை அதில் எழுதித் தர வேண்டும். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் மறைக்காதீர்கள், அப்புறம் அதுவே வினையாகும்.

சரி, பாஸ்போர்ட் வந்துவிட்டால் கிளம்பிவிடலாமா? அதுவும் இல்லை. விசா கொடுக்கும் நாடு, தாய், தந்தையில் மற்றவரின் சம்மதக் கடிதத்தையோ நீதிமன்ற உத்தரவையோ கேட்கலாம். விவாகரத்துத் தீர்ப்பில் பிள்ளையைப் பார்க்கும் உரிமை அப்பாவுக்கு இருந்தால், முதலில் குடும்பநல நீதிமன்றத்தில் அனுமதி வாங்குவதே பாதுகாப்பு.