ஆமாம், மிட்ச் ஓடித்தான் போக வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிட்டது, அதற்கென்றே நம்மிடம் நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் முன்கதையை நீட்டவில்லை: ஒரு நாவலின் முடிவு சரியா தப்பா என்று ஒரு நண்பரோடு எனக்கு வாக்குவாதம். நான் ஏன் பாதியில் எழுந்துபோனேன் என்று தனியாகக் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் தணியட்டும் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். தணிகிற மாதிரி தெரியவில்லை.

"மேடம், உங்களை மாதிரி வாசகர்களுக்கு இது போதும்."

அந்த ஒரு வரிதான். அந்த நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். கூட இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

பேச்சு ஜான் க்ரிஷாமின் 'தி ஃபர்ம்' பற்றி. 1991இல் வந்த நாவல், நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் 47 வாரம் இருந்தது. விற்பனையை வைத்து நான் வாதாடவில்லை. அவருடைய முதல் நாவல் 1989இல் வெறும் 5,000 பிரதி அச்சானது, இது ஓடிய பிறகுதான் ஊர் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. விற்பனை ஒன்றையும் நிரூபிக்காது. நான் சொன்னது ஒரே விஷயம்: அந்த நாவலுக்கு அந்த முடிவுதான் சரி. மாஃபியாவுக்கு வேலை பார்க்கிற சட்ட நிறுவனத்தில் மாட்டிக்கொண்ட இளம் வக்கீல் மிட்ச் மக்டீர் ஓடித்தான் போக வேண்டும். வேறு எந்த முடிவும் பொய்.

நண்பர் சொன்னது: நாவலின் முடிவு சொதப்பல், 1993இல் வந்த படத்தில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

படம் எனக்கும் பிடிக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு இசையமைத்த டேவ் க்ரூசினின் பியானோவை இன்றைக்கும் கேட்பேன். ஹாலி ஹன்டர் சில நிமிடமே வந்து ஆஸ்கர் பரிந்துரை வாங்கிப்போனார். அதெல்லாம் சரி. ஆனால் படத்தில் முடிவு எப்படி வருகிறது? நிறுவனம் கட்சிக்காரர்களுக்கு மணிக்கணக்கை ஏற்றிப் பில் போட்டிருக்கிறது, அந்தப் பில்களைத் தபாலில் அனுப்பியிருக்கிறது. தபால் வழியாக மோசடி செய்தால் அமெரிக்காவில் அது மத்திய அரசுக் குற்றம். மிட்ச் நேராக மாஃபியாவிடமே போய், உங்கள் பில்களை மட்டும் காட்ட அனுமதி கொடுங்கள் என்று வாங்கிக்கொள்கிறார். கட்சிக்காரர் இரகசியம் பத்திரம், வக்கீல் தொழில் பத்திரம், கல்யாணம் பத்திரம். கடைசியில் பழைய காரை எடுத்துக்கொண்டு மனைவியோடு பாஸ்டனுக்குக் கிளம்பிவிடுவார். கை கழுவி, துடைத்து, க்ரீமும் பூசிக்கொண்ட முடிவு.

நாவலில் அப்படி இல்லை. மிட்ச் ஆவணங்களை நகலெடுக்கிறான். கட்சிக்காரர்களின் ஆவணங்களைத்தான். எஃப்பிஐக்குக் கொடுக்கிறான். நிறுவனத்தின் கேமன் தீவுக் கணக்கிலிருந்து ஒரு கோடி டாலரையும் கிளப்பிவிடுகிறான். அப்புறம் ஃபுளோரிடா கடற்கரையில் ஒரு மோட்டல் அறையில் கேமரா முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆவணமும் என்ன, யாருடைய பணம், எந்த வழியாகப் போனது என்று மணிக்கணக்காகச் சொல்கிறான். வெளியே போலீஸ் தேடுகிறது, மாஃபியா தேடுகிறது, உள்ளே இவன் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பிறகு மனைவியையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கடல் வழியாகக் காணாமல் போகிறான். இனி அவன் வக்கீல் இல்லை. ஹார்வர்டில் படித்ததெல்லாம் கடலோடு போயிற்று.

அதுதான் முடிவு. இதில் எங்கே சொதப்பல்?

ஃபுளோரிடாத் துரத்தல் நீளம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது பக்கம் வெட்டியிருக்கலாம். பாத்திரங்கள் தட்டை என்றால் பாதி ஒப்புக்கொள்கிறேன், டாரன்ஸ் என்கிற எஃப்பிஐ ஆள் கடைசிவரை எரிச்சல்பட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. மிட்சின் மனைவி ஆபிக்கு வேலையே இல்லை என்று ஒருவர் சொன்னார், அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேமனில் மிட்சுக்கு உதவுகிற டாமியும் ஆபியும் விடிவதற்குள் கட்டுக்கட்டாக நகலெடுக்கிற பகுதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

வக்கீல் தோழி ஒருவர் எழுப்பிய ஆட்சேபம்தான் எனக்கு மதிப்பானது. அவர் சிரிக்கவில்லை, நிதானமாகக் கேட்டார்: கட்சிக்காரரின் இரகசியத்தை விற்றவனை எப்படிக் கதாநாயகன் என்கிறாய்? நியாயமான கேள்வி. நடந்துமுடிந்த குற்றத்தைப் பற்றிக் கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னால் அது இரகசியம். இனிச் செய்யப்போகிற குற்றத்துக்கு வக்கீலையே கருவியாக்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை, அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட விலக்கு அது. ஆனால் அந்த நிறுவனத்துக்கு ஒழுங்கான கட்சிக்காரர்களும் இருந்தார்கள், அந்த எல்லையை மிட்ச் சுத்தமாகப் பார்த்து நடக்கவில்லை, பணமும் எடுத்துக்கொண்டான் என்றார் தோழி. உண்மை. அவன் தப்பு செய்கிறான். செய்ததால்தான் தொழிலை இழக்கிறான். நாவல் அவனுக்குப் பதக்கம் எதுவும் குத்தவில்லையே? தப்பு செய்யாமல் வெளியே வர அங்கே கதவே இல்லை, அதைத்தான் நாவல் காட்டுகிறது. நான் சொல்வதும் அது மட்டும்தான்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று மறந்துபோயிற்றா எல்லோருக்கும்? மெம்ஃபிஸில் ஒரு வரிச் சட்ட நிறுவனம். முதல் வருஷச் சம்பளம் 80,000 டாலர், ஒரு பிஎம்டபிள்யூ கார், குறைந்த வட்டியில் வீட்டுக் கடன், படிப்புக் கடனை அவர்களே கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவியையும் அவர்களே வைத்துவிடுகிறார்கள். அங்கே ஐந்து வக்கீல்கள் செத்திருக்கிறார்கள், எல்லாமே சந்தேகச் சாவு. சிகாகோ மாஃபியாவுக்கு எதற்கு வரி வக்கீல்கள் என்று ஒருவர் கேட்டார். சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோனை உள்ளே தள்ளியது கொலை வழக்கு இல்லை. 1931இல் வரி ஏய்ப்புக்காக 11 வருஷம் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்த கும்பல் முதலில் அடியாளைத் தேடாது, கணக்குத் தெரிந்தவனைத்தான் தேடும். க்ரிஷாம் சட்டம் படிப்பதற்கு முன்னால் படித்தது கணக்கியல். மெம்ஃபிஸை ஒட்டிய சவுத்தேவனில் வக்கீல் தொழில் பார்த்தவர். கொலையைவிடக் கூட்டல் கழித்தல்தான் இந்த நாவலில் பயமாக இருக்கிறது என்றால் சும்மா இல்லை.

அந்த உறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமன் தீவில் ஒரு ராத்திரி மிட்ச் வேறொரு பெண்ணோடு தப்பு செய்துவிடுகிறான், அது நிறுவனமே ஏற்பாடு செய்தது. அந்தப் புகைப்படங்கள் அவர்கள் கையில். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வருகிறான், ஆபி பெயருக்கு ஒரு உறை வந்திருக்கிறது, புகைப்படங்கள், மடக்காதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறது. அவள் பிரித்துவிட்டிருக்கிறாள். உள்ளே ஒன்றுமே இல்லை. காலி உறை. இதைவிட ஒரு மிரட்டலை எப்படி எழுத முடியும்? "உங்களை மாதிரி வாசகர்கள்" என்றாரே, அந்த மாதிரி வாசகியான எனக்கு அந்தக் காலி உறையைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருக்கு வந்திருக்கும்.

சரி, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். சேர்ந்த அன்றைக்கே எல்லோரும் எழுந்து வந்து கைகொடுத்தார்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். ஆறாவது மாதம் ஆபீஸிலிருந்தே கடன் கொடுத்தார்கள், வட்டி பெயருக்குத்தான். எனக்கு அப்போது அது தேவைப்பட்டது, கண் கலங்கி நன்றி சொன்னேன். அங்கே மாஃபியா இல்லை, யாரும் சாகவில்லை, நாவலாக்க ஒன்றும் இல்லாத சாதாரண இடம்.

ஒருநாள் என் டைம்ஷீட்டை சீனியர் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வேலைக்கு மூன்றரை மணி என்று போட்டிருந்தேன். பக்கத்தில் பென்சிலால் மெலிதாக 8 என்று எழுதினார். "நீங்களே பேனாவில் எழுதிடுங்கம்மா" என்றார். எழுதினேன். அப்புறம் ரப்பரை எடுத்துத் தன் பென்சில் எட்டை அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். தாளில் மிச்சம் இருந்தது என் கையெழுத்து மட்டும்.

அடுத்த வாரத்திலிருந்து பென்சில் தேவைப்படவில்லை. நானே எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்த நாவல் கையில் கிடைத்தது. மூத்த வக்கீல் ஏவரி மிட்சுக்கு மணிக்கணக்கை ஏற்றி எழுதச் சொல்லிக்கொடுக்கிற இடம் அதில் வரும். நாவலுக்கு அது சின்ன இடம், பெரும்பாலானவர்கள் ஒரு புன்னகையோடு தாண்டிப்போய்விடுவார்கள். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன்.

இப்போது படத்தின் முடிவை யோசித்துப் பாருங்கள். அதே பில் மோசடிதான் அங்கே கதாநாயகனுக்கு ஆயுதம். அதைக் கையில் எடுத்துச் சுத்தமாக வெளியே வந்துவிடுகிறார். அந்தப் பில்லை எழுதிய கைகளில் அவருடையதும் ஒன்றாக இருக்குமே என்று படம் நம்மை யோசிக்கவிடுவதில்லை. நான் பில்லின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். கடன் தீருகிறவரை இரண்டு வருஷம் எழுதிக்கொண்டே இருந்தேன். தீர்ந்ததும் உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகினேன். யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. விடைபெறும் நாளில் பரிசு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். மிட்சாவது ஆவணத்தோடு ஓடினான். நான் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தேன்.

இதை ஞாயிற்றுக்கிழமை அங்கே சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள்தான் அந்த வரி வந்தது. உங்களை மாதிரி வாசகர்களுக்கு.

"ஒரு கதைக்கா இவ்வளவு?" என்று இப்போது யாராவது எழுதுவார்கள். ஆமாம், ஒரு கதைக்குத்தான். வாசிப்புக் கூட்டத்துக்கு வந்துவிட்டு வேறு எதற்கு வருத்தப்படுவது?

"ஆசிரியரே மனம் மாறிவிட்டாரே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2023இல் 'தி எக்ஸ்சேஞ்ச்' வந்தது, பதினைந்து வருஷம் கழித்து மிட்ச் மன்ஹாட்டனில் பெரிய நிறுவனத்தில் வக்கீலாக உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் ஓடிப்போன முடிவு என்ன ஆயிற்று என்கிறார். அதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. உண்மையில் இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். 1991இல் எழுதியவர் வேறு, 2023இல் எழுதியவர் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வாதமா என்றால் இல்லை. தெரிந்தேதான் சொல்கிறேன்.

இலக்கியமா இல்லையா என்கிற பஞ்சாயத்துக்கும் நான் வரவில்லை. விறுவிறுப்பாக இருக்கிறது என்பதாலேயே ஒரு புத்தகத்தில் யோசிக்க ஒன்றும் இருக்காது என்று முடிவுகட்டுகிறவர்களோடு பேசிப் பயனில்லை. பக்கம் வேகமாகத் திரும்பினால் வாசகர் மட்டம் என்று அர்த்தமாம். அப்படியானால் நான் மட்டம்தான். கைதூக்குகிறேன். ஆனால் மட்டமான வாசகி கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நண்பர் வாங்கிப்போனது என்னுடைய பிரதி. அவருக்கு நிறுத்திய இடத்தில் மூலையை மடிக்கிற பழக்கம். முதல் அத்தியாயத்திலிருந்து மடிப்பு மடிப்பாக வருகிறது, நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மிட்ச் நகலெடுக்க ஆரம்பிக்கிற இடத்தோடு மடிப்பு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு பக்கத்தில்கூட இல்லை. ஒருவேளை மிச்சத்தை ஒரே மூச்சில் படித்திருக்கலாம். விறுவிறுப்பான புத்தகம்தானே.

அடுத்த கூட்டத்துக்கு வருவேன். வரமாட்டேன் என்று பரப்புகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். புத்தகத்தையும் கொண்டுவருகிறேன், மீதிப் பக்கங்கள் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். அடையாளத்துக்கு உள்ளே ஒரு அட்டை வைத்திருக்கிறேன், மூலையை மட்டும் மடிக்காதீர்கள்.