இலேசான குண்டும் மானின் தோள் எலும்பும்

மான் வேட்டைக்கென்று .243 ரைஃபிள் (0.243 அங்குலத் தடிமன் குண்டு போடுவது) வாங்கியிருக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, 80 கிரெயின் குண்டு போதுமா, இல்லை 100 கிரெயின்தான் வேணுமா?" கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்து கிரெயின். அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியது முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உரிமத்தோடு, அனுமதி உள்ள இடத்தில், பருவகாலத்தில் மட்டும் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

80 போதும். ஆனால் எந்த 80 என்பதுதான் கேள்வியே.

அந்த எடையில் இரண்டு விதமான குண்டு கிடைக்கும். ஒன்று, பயிரைக் கெடுக்கும் சிறு பிராணிகளுக்காகச் செய்தது. மெல்லிய உறை, உள்ளே மெத்தென்ற ஈயம், பட்ட இடத்திலேயே சிதற வேண்டும் என்பதே அதன் வேலை. மற்றது முழுக்கச் செம்பு, மூக்கில் ஒரு குழி. உடம்புக்குள் புகுந்ததும் இதழ் இதழாக விரியும், ஆனால் உடையாது. பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே எண்தான் போட்டிருப்பார்கள்.

ஆரம்ப காலத்தில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. முதல் வகையை மாட்டிக்கொண்டு போய், அறுபது மீட்டரில் நின்ற மானைத் தோளில் சுட்டேன். குண்டு எலும்பின் மேலேயே தூளாகிவிட்டது. வெளியே உள்ளங்கை அகலத்துக்குக் காயம், உள்ளே நுரையீரல் வரை எதுவும் போகவில்லை. இருட்டும் வரை ரத்தத் தடம் பார்த்து நடந்தேன். மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தேன், அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. அந்த ஓர் இரவுக்கு நான்தான் பொறுப்பு. இன்றும் அது என்னை விடவில்லை.

கிட்டத்தில் சுட்டால் எந்தக் குண்டும் நன்றாக வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். இலேசான குண்டு விஷயத்தில் நிலைமை நேர் எதிர். குழலை விட்டு வினாடிக்கு 3,300 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு, கிட்டத்தில்தான் மிக மோசமான அடியைத் தாங்க வேண்டும். மெல்லிய உறை அதைத் தாங்காது.

சரி, கனமான குண்டு போட்டால் இந்தக் கவலை போய்விடுமா? போகாது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர், கனமான குண்டு போடும் .300 மேக்னம் துப்பாக்கியோடுதான் மூஸ் என்ற பெரிய மான் இனத்தை வேட்டையாடப் போனார். தோளில் பட்ட குண்டுகள் உள்ளே இறங்காமல் உடைந்துபோயின. அந்த வேதனையில்தான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார். அவர் எடையைக் கூட்டவில்லை, கட்டமைப்பை மாற்றினார்.

ஒரு சின்னக் கணக்கு. 100 கிரெயின் ஈயக் குண்டு உள்ளே போகும்போது நாற்பது சதவீதத்தை இழந்தால் மிஞ்சுவது 60. 80 கிரெயின் செம்புக் குண்டு பெரும்பாலும் அப்படியே மிஞ்சும். எது ஆழமாகப் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பெரிய மான்களுக்குக் குறைந்தது 100 கிரெயின் வேண்டும் என்றிருந்த சட்டத்தை 2023இல் 80 ஆகக் குறைத்தார்கள். ஈயமில்லாத குண்டுக்கு வழிவிடத்தான் அந்த மாற்றம்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு நேராகப் பறக்க, குழலின் உள்ளே திருகு போல வெட்டியிருக்கும் புரி அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். இந்தப் புரியால் ஒரு நல்ல தோட்டாவே பெயர் கெட்டிருக்கிறது. 1955இல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒன்றாக வந்தன. ரெமிங்டன் இலேசான குண்டுகளை மனதில் வைத்து 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி போட்டது, வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒன்று. அங்குலம் குறையக் குறைய சுழற்சி வேகம் கூடும், நீளமான கனத்த குண்டும் நேராகப் பறக்கும். மான் வேட்டைக்காரர்கள் 100 கிரெயினும் போடலாம் என்று .243 பக்கம் போய்விட்டார்கள். 1963இல் ரெமிங்டன் புரியை 9 அங்குலமாக்கி, 6மிமீ என்று பெயரையும் மாற்றியது. அதற்குள் சந்தை கைவிட்டுப் போயிருந்தது. அதனால் குண்டு வாங்கும் முன் உங்கள் குழலின் புரி என்ன என்று பாருங்கள்.

இலேசான குண்டை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம் சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதை குறைவு என்பதுதான். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறவன் கையில் எத்தனை கிரெயின் இருந்து என்ன பயன்?

தூரத்தில் மட்டும் பேராசை வேண்டாம். இலேசான குண்டைக் காற்று எளிதில் தள்ளும், வேகமும் சீக்கிரம் குறையும். வினாடிக்கு சுமார் 2,000 அடிக்குக் கீழே போனால் செம்புக் குண்டுகள் பலவும் சரியாக விரியாது. 200 மீட்டரைத் தாண்டினால் நான் துப்பாக்கியை இறக்கிவிடுவேன். பின்பக்கம் காட்டி நிற்கும் மானையும் சுட மாட்டேன்.

தம்பியிடம் 80 கிரெயின் செம்புக் குண்டு ஒரு பெட்டி வாங்கச் சொல்லியிருக்கிறேன். பருவம் தொடங்கும் முன் 100 மீட்டரில் தாளில் சுட்டுப் பார்ப்பான். ஓட்டைகள் பரந்து விழுந்தால், அப்புறம் வேறு கம்பெனி குண்டு ஒன்றை முயல வேண்டியதுதான்.