சாலை வேண்டும், பள்ளியும் வேண்டும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டக் காட்டுக்குள் முதுவர் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடிக்கு நல்ல சாலை வந்துவிட்டால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்று உங்கள் கட்டுரை முடிகிறது. அதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. சாலை கட்டாயம் வேண்டும், சரி. மூணாறில் வளர்ந்தவன் நான். மழைக்காலத்தில் நோயாளியைக் கம்பில் கட்டிய தொட்டிலில் வைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துக் காட்டு வழியே தூக்கி வருவது எவ்வளவு பெரிய பாடு என்று தெரியும். 2020 ஆகஸ்டில் நிலச்சரிவில் 70 உயிர்கள் போன பெட்டிமுடியும் அந்த வழியில்தான் இருக்கிறது. அங்கே மலையை வெட்டுகிறவர்கள் அதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

ஆனால் பள்ளிக்கூடத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! மதுரையிலிருந்து மீனாட்சியின் சிலையை முதுகில் சுமந்து மலையேறி வந்ததாக முதுவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது தமிழுக்கு மிக நெருக்கமான பேச்சு. பள்ளியில் பாடம் மலையாளத்தில். பாடம் கடினம் என்பதால் அல்ல, பேச்சே புரியாததால் ஒரு குழந்தை முதல் வகுப்பிலேயே வாய் மூடி உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் மேல்படிப்புக்கு விடுதி. பெற்றோரைப் பிரிந்த ஏக்கத்திலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள்.

2010-ல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி இது. குடியிலேயே பிறந்து படித்தவர்களை ஆசிரியர்களாக அங்கேயே நியமிக்கலாம். ஏலக்காய்க்கு நியாயமான விலை தரும் கொள்முதல் மையம் ஒன்றையும் குடிக்குள்ளேயே திறக்கலாம். இவற்றுக்குச் சாலை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.