காரைக்குடி உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது

மேலே எழுதிய அண்ணனுக்கு: "அரசு உதவி பெறும் பள்ளியில படிச்சாலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, நீட் பாஸானா கலந்தாய்வு அழைப்பு தானா வரும்"னு போட்டிருக்கீங்க. இரண்டுமே தப்பு. இதை நம்பி ஒரு பிள்ளை ஏமாறக் கூடாது.

2020-ல வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளியில எட்டு வரை படிச்சிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களும் சேருவாங்க. நம்ம காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நகரத்தார் தொடங்கின உதவி பெறும் பள்ளிகள் நிறைய. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்குதுங்கிறதால அதையும் அரசுப் பள்ளின்னு பெற்றோர் நினைச்சிடுறாங்க. அங்க படிச்ச பிள்ளை பொதுவான தரவரிசையில, தன் வகுப்புக்கான இடஒதுக்கீட்டுலதான் போட்டி போடணும். மதிப்பெண் இலக்கை அதுக்கேத்த மாதிரி இப்பவே உயர்த்தி வைக்கணும்.

நீட் எழுதினதோட வேலை முடியாது. மாநில இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவுக்குத் தனியா விண்ணப்பிக்கணும். 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு டெல்லியில இருக்கிற மருத்துவக் கலந்தாய்வுக் குழுவுல (MCC) வேற பதிவு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியிலயே இந்த ரெண்டு வழியிலயும் இடம் இருக்கு. ஒண்ணுல பதிஞ்சா இன்னொண்ணு தானா வராது.

பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது, தகுதிக்கு மட்டும்தான்.

சாதி, இருப்பிடச் சான்றுகளை இ-சேவை மையத்துல இப்பவே வாங்கிடுங்க. 7.5-க்குத் தகுதியுள்ள பிள்ளை பள்ளி மாறியிருந்தா, படிச்ச எல்லாப் பள்ளியிலயும் படிப்புச் சான்று கேட்டு வாங்கணும். அண்ணே, தயவுசெய்து உங்க பதிவைத் திருத்திடுங்க.